மஜீத் சார் மூன்று முறை கூப்பிட்ட பெயர்

செய்தி கோர்ட் வளாகத்தில்தான் என்னை வந்தடைந்தது. ஒரு பாகப்பிரிவினை வழக்கின் தீர்ப்பைப் பத்திரிகைக்கு எழுத வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தேன். வக்கீல் ருக்மணி படியிறங்கி வேகமாக வந்தார். கழுத்துப்பட்டையை அவிழ்த்துக் கைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

"அண்ணா, மஜீத் சார் போய்ட்டாருங்க. காத்தால தொழுவறதுக்கு எந்திரிச்சவரு அப்பிடியே சாஞ்சுட்டாராம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலேயே நான்கைந்து இளம் வக்கீல்கள் வந்துவிட்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. அவர்கள் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொள்ள, எல்லோரும் நடக்க ஆரம்பித்தோம். தீர்ப்பு என்ன ஆயிற்று என்று மறுநாள்தான் விசாரித்தேன்.

மஜீத் சார் வக்கீல் இல்லை. தர்மபுரியில் சில வருடங்கள் மட்டும் நடந்து பிறகு மூடப்பட்ட மாலைநேரச் சட்டப் பள்ளியைப் பலர் மறந்திருப்பீர்கள். அங்கே நூலகத்துக்குப் பின்னால் 'வேலை வழிகாட்டி அறை' என்று பலகை மாட்டிய ஓர் அறை இருந்தது. படித்து முடித்தவர்களை எந்த சீனியர் வக்கீலிடம் சேர்ப்பது, எங்கே தங்க வைப்பது, வக்கீல் தொழில் ஒத்துவராதவர்களுக்கு வேறு எந்த உத்தியோகத்துக்கு மனுப் போடுவது என்று பார்ப்பதுதான் அந்த அறையின் வேலை. அதை நடத்தியவர்கள் இரண்டே பேர். ஒருவர் மஜீத் சார். இன்னொருவர் டைப்பிஸ்ட் தனலட்சுமி. பாப்பாரப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், மனதில் பட்டதைச் சொல்ல அஞ்சாதவர். கோர்ட் செய்தி எழுதும் நான் அங்கே அடிக்கடி போய் உட்காருவேன்.

மஜீத் சாரை அறிந்த யாரிடமும் ஒரு விஷயத்தை மறைக்க முடியாது. அவர் பயந்த மனிதர். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், வேகமாகப் போகும் பஸ்ஸுக்குப் பயம். நீதிபதியின் கார் போனால்கூட ஓரமாக நின்றுவிடுவார். "நம்ம சாருக்கு நெழலு கூட முன்னால உழுந்தாத்தான் தைரியம், பின்னால வந்தா திரும்பித் திரும்பிப் பாப்பாரு" என்பார் தனலட்சுமி. சார் முன்னாலேயே சொல்வார். சாரும் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, உள்ளதத்தானே சொல்றாங்க" என்பார்.

அந்தப் பயம்தான் அவருடைய வேலைமுறையாகவும் இருந்தது. ஒரு பையனையோ பெண்ணையோ ஒரு சீனியரிடம் அனுப்புமுன், அந்த ஆபீசுக்குக் கட்சிக்காரர் போலப் போய் பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்து வருவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். வெளியே வந்ததும், "இங்க வேணாங்க" என்றார். நல்ல பேர் எடுத்த வக்கீலாயிற்றே என்றேன். "ஜட்ஜய்யாகிட்ட எப்பிடிப் பேசறாருன்னு ஊரே பாக்குது. குமாஸ்தாகிட்ட எப்பிடிப் பேசறாருன்னு நான் பாத்தேன். நம்ம புள்ள போனா அழுவும்ங்க" என்றார். எந்தெந்த விதத்திலெல்லாம் கெட்டது நடக்கும் என்று முன்கூட்டியே பயந்து, அதற்கெல்லாம் ஒரு வழி செய்துவிட்டுத்தான் பிள்ளைகளை அனுப்புவார். ஒரே ஒரு முறை, பயப்பட வேண்டிய இடத்தில் அவருக்குப் பயப்படத் தெரியாமல் போயிற்று. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பள்ளியில் இரண்டு பெண்கள் தேறி வெளியே வந்தார்கள், ருக்மணியும் விஜயாவும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஊரில் யாரும் அறை தரமாட்டேன் என்றார்கள். வக்கீல் பெண் என்றதும் இன்னும் மாட்டேன் என்றார்கள். மஜீத் சார் அலையாய் அலைந்து, தன் உறவினர் ஒருவரின் கோரைப்பாய்க் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து இருவரையும் ஒன்றாகத் தங்க வைத்தார். படியில் கைப்பிடி ஆடுகிறதா என்று பார்த்தார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இரண்டு போட்டார். ருக்மணியை ஒரு நல்ல சீனியரிடமும் விஜயாவை இன்னொரு நல்ல சீனியரிடமும் சேர்த்தார். அந்த இரண்டு சீனியர்களும் அப்போது ஒரே வழக்கில் எதிரெதிராக நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கல்குவாரியில் வெடி வைத்தபோது ஒரு தொழிலாளி இறந்துபோனார். அவருடைய மனைவி நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு அது. எச்சரிக்கை மணி அடிக்காமலேயே திரியைப் பற்றவைத்தார்கள் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் மாதையன் என்ற தொழிலாளி. குவாரிக் குத்தகைதாரரின் ஆட்கள் ஏற்கனவே ஒருமுறை அவரை அடித்துக் காட்டு ஓடையில் போட்டிருந்தார்கள். பிழைத்தது அவர் அதிர்ஷ்டம். சாட்சி சொல்லும் நாள் வரை அவரை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். எங்கே என்று யாருக்கும் தெரியாது. விஜயா அந்த விதவையின் வக்கீலிடம் ஜூனியர். ருக்மணி குத்தகைதாரரின் வக்கீலிடம்.

ஒரே அறையில் படுத்தாலும் அந்தப் பெண்கள் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அதில் இருவரும் கண்டிப்பாக இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தி வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போன விஜயா, திரும்பும்போது வாழையிலையில் கட்டிய பொரித்த மீன் கொண்டுவந்தார். மறுநாள் காலை மஜீத் சாருக்கும் தனலட்சுமிக்கும் ஆளுக்கொரு துண்டு வந்தது. நானும் தின்றேன். "ஒகேனக்கல் மீனு மாதிரி வராதுங்க" என்று சப்புக்கொட்டியவர் மஜீத் சார்தான்.

அன்று நடுப்பகலில் ருக்மணி அறைக்குள் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"சார், விஜயா குடுத்த மீனை நான் ஆபீசுக்கும் எடுத்துட்டுப் போனேன். எல்லாருக்கும் குடுத்தேன். வெளி ஆளு ஒருத்தரு உக்காந்திருந்தாரு, அவருக்கும் குடுத்தேன். எங்க வாங்குனதுன்னு கேட்டாரு. எங்கூட இருக்கற புள்ள ஒகேனக்கல்ல இருந்து கொண்டாந்துச்சுன்னேன். கூட இருக்கற புள்ள யாருன்னாரு. பேரச் சொன்னேன். ஒடனே எந்திரிச்சு உள்ள போயி…"

மஜீத் சார் கையை உயர்த்தினார்.

"போதும்மா. மீனு கதை சொன்ன. அதோட நிறுத்திக்க. உள்ள போயி என்ன பேசுனாங்கன்னு நீ சொல்லாத, நான் கேக்க மாட்டேன். சொன்னீன்னா உன் தொழிலு போயிரும். நாளைக்கு உன் சீனியரு கேட்டா, கோர்ட்டு வெசயம் ஒண்ணும் சொல்லலைன்னு நீ தலையில அடிச்சு சத்தியம் பண்ணணும். போ, போயி சாப்புடு."

ருக்மணி போனதும்தான் எங்களுக்கு உறைத்தது: விஜயா போனது சித்தி வீட்டுக்கு அல்ல, ஒகேனக்கல்லில் ஒளிந்திருக்கும் மாதையனைப் பார்க்க; அது இப்போது குத்தகைதாரரின் ஆளுக்கும் தெரிந்துவிட்டது. தனலட்சுமிதான் முதலில் பேசினார். "தூசிக்கும் தும்புக்கும் பயப்படற மனுசன், இந்த மீனைப் பாத்துப் பயப்படலியே சார்."

"தோணலியேம்மா" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

விஜயாவும் அவருடைய சீனியரும் அன்று சேலத்தில் ஒரு வழக்குக்குப் போயிருந்தார்கள். போலீசுக்குப் போகலாமா என்றேன். "என்னன்னு சொல்றதுங்க? மீன் தின்னோம்னா?" என்றார் மஜீத் சார். பிறகு தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "நீங்க வர்றீங்களா? தனியா போக எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றார். இத்தனை வருடப் பத்திரிகை வேலையில் இவ்வளவு நேராக உதவி கேட்ட இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

பென்னாகரத்தில் பஸ் நின்றபோது இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவன் நீலச் சட்டை, இன்னொருவன் கழுத்தில் சிவப்புத் துண்டு. உள்ளங்கைகளில் கல்தூசி படிந்த வெள்ளை. எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். காட்டுக்குள் பஸ் இறங்க ஆரம்பித்தது. துண்டுக்காரன் திரும்பினான்.

"எங்க பாய், ஒகேனக்கல்லா?"

"ஆமாங்க."

"என்ன சோலி?"

"மீனு… மீனு வாங்கறதுக்குங்க."

"எங்களுக்கும் மீனு புடிக்கற வேலதான்" என்று சொல்லிவிட்டு அவன் நீலச் சட்டைக்காரனைப் பார்த்துச் சிரித்தான்.

ஒவ்வொரு வளைவிலும் மஜீத் சாரின் உதடுகள் அசைந்தன. ஓதுகிறார் என்று நினைத்தேன். அவர் என் காதருகே குனிந்து, "அந்தாளு எந்தப் பக்கம் இருக்காருன்னே எனக்குத் தெரியாதுங்களே" என்றார். அதுதான் எங்கள் நிலைமை. மாதையனைத் தேடிப் போனால் அவர்களும் பின்னாலேயே வருவார்கள். தேடாமல் நின்றால் அவர்கள் தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

பஸ் நின்றது. மீன் பொரிக்கும் கடைகள் ஒரே புகையாக இருந்தன. எண்ணெய்ச் சட்டிகளைச் சுற்றிக் கூட்டம். கீழே பாறையோரம் பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டு ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இருவரும் இறங்கி, ஒருவன் கடைப்பக்கமும் ஒருவன் ஆற்றுப்பக்கமும் பிரிந்தார்கள். என்ன செய்வதென்று நான் யோசிக்கும்போதே மஜீத் சார் என்னை விட்டு நகர்ந்துபோய், கடைகளுக்கு நடுவே இருந்த ஒரு மேட்டுப் பாறையில் ஏறினார்.

கோர்ட்டில் டவாலி சாட்சியை எப்படிக் கூப்பிடுவார் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை நீட்டி, மூன்று தரம். வாழ்நாளில் குரல் உயர்த்தாத மனிதர், அதே இழுப்பில் கூப்பிட்டார்.

"மாதையன்! மாதையன்! மாதையன்!"

புகைக்குள் எல்லாத் தலைகளும் திரும்பின.

"உன்னைத் தேடி ரெண்டு ஆளு வந்திருக்காங்கப்பா! இதா நிக்கறாரு, நீலச் சட்டை போட்டவரு! அதா அங்க போறாரு, செவப்புத் துண்டு! வெளிய வந்துராத!"

விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே சொன்னார். நீலச் சட்டைக்காரன் பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான். "பாய், பல்லு இருக்காது உனக்கு" என்றான். மீன் சட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியம்மா கொதிக்கும் எண்ணெய் சொட்டும் கரண்டியோடு எழுந்துவிட்டார். "ஏய்யா, உடுய்யா அந்த மனுசன! எந்தூரு நீ? யாரத் தேடி வந்த? எங்களுக்கும் சொல்லேன், கேப்போம்." பரிசல்காரர்கள் மெதுவாக மேலே ஏறி வந்தார்கள். யாரும் அடிக்கவில்லை. சுற்றி நின்று இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதற்குள் பாறைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பரிசல் கன்னடக் கரையைப் பார்த்துச் சுழன்று போனது. அதில் ஒருவர் குறுகிப் படுத்திருந்தார்.

திரும்புவதற்கு அப்போதைக்கு அந்த ஒரே பஸ்தான். அதே இருவரும் அதே பஸ்ஸில் ஏறினார்கள். இந்த முறை எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். காடு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது. மஜீத் சார் என் மணிக்கட்டைப் பிடித்தார். பஸ் மேடு ஏறி, பென்னாகரத்தில் அவர்கள் இறங்கி, அதற்கும் பிறகு தர்மபுரி வரும்வரை விடவில்லை. இறங்கியதும் பஸ் நிலையச் சுவரோரம் போய் வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "வூட்டுல சொல்லிராதீங்க, அவங்களும் பயந்துக்குவாங்க" என்றார்.

மாதையன் உரிய நாளில் வந்து சாட்சி சொன்னார். அந்த விதவையின் வழக்கு ஜெயித்தது. ருக்மணியின் சீனியர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஆபீசு வெசயம் எதுவும் நான் யாருகிட்டயும் சொல்லலீங்க" என்று அந்தப் பெண் நிமிர்ந்து சொல்ல முடிந்தது, ஏனென்றால் அது உண்மை. விஜயாவின் சீனியரிடம் மஜீத் சாரே போனார். "ரெண்டு புள்ளைங்களையும் ஒரே ரூமுல போட்டது நானுங்க. அதுங்க மேல தப்பில்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ருக்மணியைத் தனலட்சுமி தன் வீட்டோடு வைத்துக்கொண்டார்.

பயம் அதோடு போய்விடவில்லை. ஒரு நாள் காலை அந்த அறையைத் திறக்கப் போனால், வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லாரி கருங்கல் ஜல்லி கொட்டிக் கிடந்தது. யார் கொட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை. மஜீத் சார் தெருவிலேயே நின்றுவிட்டார். தனலட்சுமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியல்மேல் ஏறி, "வாங்க சார், வூடு கட்டறதுக்கு ஆவும். அனுப்புனவங்க கொஞ்சம் மணலும் சேத்து அனுப்பிருக்கலாம்" என்றார். அவர் கையை நீட்டினார். சார் அதைப் பிடித்துக்கொண்டு, கல் சரிய, கால் சரிய, ஏறி உள்ளே போனார். உள்ளே போனதும் அன்றைக்குச் சேர்க்க வேண்டிய பிள்ளையின் சீனியர் யார் யாருக்கு எதிராக ஆஜராகிறார் என்று கேட்டுவர ஆள் அனுப்பினார்.

ஜனாஸா புறப்பட்டபோது, வாசலில் பெண்களோடு நின்ற தனலட்சுமி சத்தமாகவே சொன்னார்: "பாத்துத் தூக்குங்கப்பா. உசரத்துல தூக்குனா பயந்துக்குவாரு." அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மறுபடி அழுதார்கள்.

கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறேன். அஞ்சாதவர்கள் என்று பேர் எடுத்தவர்கள் பலருக்கு அருகில் நின்றிருக்கிறேன். அவர்களிடம் நான் கற்றுக்கொள்ள எதுவும் இருக்கவில்லை, நான் அவர்களைப் போன்றவன் இல்லை. மஜீத் சாரிடமிருந்து எடுத்துக்கொண்டது, அந்தக் காட்டு வழியில் வெட்கப்படாமல் என் மணிக்கட்டைப் பிடித்த அந்தப் பிடி. அன்று கபரில் மண் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் நின்றவர் யாரென்று பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.