ஏழேகால் வண்டிக்கு ஆள்

காலை ஏழேகாலுக்குப் புளியமரத்துத் திருப்பத்தில் ஹாரன் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். எங்கும் போகவேண்டிய அவசியம் இல்லை. தையல் மிஷினில் பாதி தைத்த ஜாக்கெட் கிடக்கும். ஆனாலும் உட்கார முடிவதில்லை. என் மாமனார் எனக்கு ஒட்டிவிட்டுப் போன வியாதி இது.

அந்த மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. சோற்றுக்குக் குந்துவார். அதிலும் பாதியில் எழுந்து வாசலை எட்டிப் பார்ப்பார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து காட்டுக்குள் மாட்டுப்பட்டியில் வளர்ந்தவர். முள்வேலிக்குள் மாடுகள், வேலிக்கு வெளியே ஒரு குடிசை, அவ்வளவுதான் அவருக்கு வீடும் பள்ளிக்கூடமும். கண்ணை எடுத்தால் ஒரு மாடு குறைந்துவிடும் என்ற பயம் உடம்போடு தங்கிவிட்டது. பிறகு வார்டு மெம்பர் ஆனார், பஞ்சாயத்துத் தலைவரும் ஆனார். பட்டி மட்டும்தான் பெரிதானது. ஜமுனாமரத்தூர் யூனியன் ஆபீசில் "உட்காருங்க பெரியவரே" என்றால், "நான் நிக்கறேன் சார், நீங்க கையெழுத்துப் போடுங்க" என்பாராம். குடிதண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, பள்ளிக்கு இரண்டாவது டீச்சர் எல்லாம் இப்படி நின்றே வாங்கியவை.

பஸ்தான் கடைசி. அதற்கு மனு எழுதி எழுதி என் கை வலித்தது. எழுதுவது நான், நிற்பது அவர். ஒருவழியாக வந்தது. காலையில் ஒரு நடை ஊரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு, சாயங்காலம் ஒரு நடை அங்கிருந்து ஊருக்கு. முதல் நாள் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஊரே ஏறிக்கொண்டு போனது. ஒரு மாதம் போனதும் அவரவர் பைக்கை எடுத்துக்கொண்டார்கள். சந்தை நாள் தவிர மற்ற நாட்களில் வண்டி காலியாகத்தான் போனது. பைக் இல்லாத ஏழெட்டு வீட்டுப் பெண்களும், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழடுகட்டைகளும்தான் அதை நம்பி இருந்தார்கள். அவர்கள் தினமுமா போவார்கள்?

டிப்போவில் முணுமுணுப்பு கிளம்பியிருக்கிறது என்று கண்டக்டர் சொன்ன அன்றிலிருந்து மாமனார் தினமும் பஸ் ஏற ஆரம்பித்தார். எதற்கு? எதற்கும் இல்லை. ஏறுவதற்காக ஏறுவார். சாயங்காலம் வரை அங்கே சுற்றிவிட்டு, என் மாமியாருக்கு ரெண்டு மசால் வடையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு அதே பஸ்ஸில் வருவார்.

"எங்கப்பன் பட்டிக்குப் போற தடம் எவ்ளோ அகலம் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். "மாட்ட ஓட்டறத வுட்டோம். ஒரே மழைதான். உண்ணிச்செடி வந்து மூடிக்கிச்சி. இப்போ எனக்கே தெரியல, எங்க இருந்துச்சின்னு. பஸ்ஸும் அப்படித்தாம்மா."

சரி, நியாயம்தான் என்று தலையாட்டினேன். பார்த்தால், அடுத்த வாரம் என்னையும் ஏற்றிவிட ஆரம்பித்துவிட்டார். பெண்களுக்கு இலவசம், ஆனால் சீட்டுக் கிழித்துத் தருவார்கள், அது கணக்கில் ஏறும். இது போதாதா அவருக்கு? "புளி இன்னா வெல போவுதுன்னு பாத்துட்டு வாம்மா" என்பார். ஒரு போனில் தெரியாததா? காலையில் இறங்கினால் சாயங்காலம் வரை பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் சிவனே என்று கிடக்கவேண்டும். தைக்கக் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வந்து திட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு வயிறு எரியும். கல்யாணமாகி வருவதற்கு முன் நான் பிறந்த ஊர் வழியே நாளுக்கு நாலு பஸ் போகும், ஒன்றையும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

மாமியாரை மட்டும் அவரால் அசைக்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை ஏறினார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வாந்தி. ஜமுனாமரத்தூரில் கையைப் பிடித்து இறக்கவேண்டியிருந்தது. திரும்பும்போது நடந்தே வந்தார். "செத்தாலும் அந்த டப்பாவுல ஏற மாட்டேன்" என்று சாமி படத்துக்கு முன் சொன்னார்.

"ஊருக்கே பஸ் வாங்கிக் குடுத்தேன். உங்க அத்தைக்கு மட்டும் நடராஜா சர்வீஸ்தான்" என்று மாமனார் கிண்டல் செய்வார். மாமியார் வடையைத் தின்றுகொண்டே முறைப்பார்.

அப்புறம் அந்த வாரம் வந்தது. திங்கள் முதல் சனி வரை ஏறுகிற ஆட்களைக் கணக்கெடுக்கப் போகிறார்கள், காலியாகப் போனால் நடையை நிறுத்திவிடுவார்கள் என்று கண்டக்டர் முந்தைய சனிக்கிழமையே சொல்லிவிட்டார். மாமனாருக்கு அன்றே காய்ச்சல். திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு நீ போய்ட்டு வாம்மா. எனக்கு ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குது."

அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுத் துணி கொடுக்கவேண்டும். எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. "மாடு மேய்க்கிற மாதிரி எங்களையும் மேய்க்காதீங்க மாமா. எனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கத்திவிட்டேன்.

அவர் சிரித்தார். "மாடா இருந்தா சொன்னத கேக்கும்மா" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அவரே போனார். காய்ச்சலோடு. நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எழுந்து இரண்டு முறை வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். என்னை நானே மன்னிக்கவில்லை, இனியும் மன்னிக்கப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே நான் கணவரைக் கூப்பிட்டேன். என் கணவர் தண்ணீர் கொண்டு ஓடினார். குடிக்கவில்லை. தலை சுவரில் சாய்ந்துவிட்டது. திருப்பத்தில் ஹாரன் அடித்தபோது அவர் இல்லை.

சாவுக்கு வந்த சனத்தால் அன்று சாயங்காலம் பஸ் நிரம்பி வந்தது. படிக்கட்டில்கூட ஆள். கண்டக்டர் இறங்கி வந்து மாமனார் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "இன்னிக்குத்தான் பெரியவரே ஃபுல்லு" என்று சொல்லி அழுதார். புதன்கிழமை மதியம் அடக்கம் செய்தோம்.

வியாழக்கிழமை ஏழேகாலுக்கு ஹாரன். நான் எழுந்தேன்.

"எங்க?" என்றார் கணவர்.

"இன்னும் மூணு நாள் கணக்கு இருக்குது."

ஊர் வழக்குகளைப் பார்க்கிற ஊர்க்கவுண்டர் வாசலில் உறவுக்காரர்களோடு இருந்தார். எங்கள் ஊரில் கருமாதி முடியாமல் சாவு வீட்டார் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. "உக்காரும்மா. நேத்துதான் மண்ணு போட்டோம். ஊரு இன்னா சொல்லும்?" என்றார். உட்கார்ந்தேன். கண் திருப்பத்திலேயே இருந்தது. ஊரிலிருந்து ஒருவரும் ஏறவில்லை, எல்லோரும் எங்கள் வீட்டு வாசலில்தான் இருந்தார்கள். மறுபடி ஹாரன். அந்த டிரைவர் பழக்கதோஷத்தில் என் மாமனாருக்காகக் காத்திருந்தார்.

மூலையில் பாயில் கிடந்த மாமியார் எழுந்தார். மூன்று நாளாக ஒரு வாய் சோறு இறங்காத உடம்பு. சமையலறைக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் இறங்கினார்.

"இன்னாம்மா இது? நீயே இப்படிப் பண்ணா எப்படி?" என்று கவுண்டர் எழுந்தேவிட்டார்.

"அவருதான் போய்ட்டாரு. பஸ்ஸும் போவணுமா?" என்றார் மாமியார்.

நான் பின்னாலேயே ஓடினேன். எனக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் செருப்பு தேடுகிற சத்தம் கேட்டது.

மூன்றாவது வளைவிலேயே மாமியாருக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீராக வந்தது. நான் முதுகைத் தடவிக்கொண்டு அழுதேன். கண்டக்டர் எங்கள் பக்கம் பார்க்காமலே தாண்டிப் போனார். சாவு வீட்டு அம்மாவிடம் சீட்டை நீட்ட அவருக்கு மனசு வரவில்லை போலும். மாமியார் வாயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"கிழிச்சிக் குடுப்பா. கணக்குல வரணுமில்ல."

ஜமுனாமரத்தூரில் இறங்கும்போது அவருக்குக் கால் நிற்கவில்லை. சிமெண்டு பெஞ்சில் படுக்க வைத்தேன். சற்று நேரத்தில் என் கணவர் பைக்கில் வந்து சேர்ந்தார். ஊர் எல்லையை அவரும் தாண்டியாகிவிட்டது. அம்மா கிடந்த கோலத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏறும்மா, வூட்டுக்குப் போவலாம். மெதுவா ஓட்டறேன்."

மாமியார் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அப்போ சாயங்காலம் பஸ்ல யாரு ஏறுவா?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"நீ போப்பா. போறதுக்கு முன்னாடி இன்னொரு எலுமிச்சம்பழம் வாங்கிக் குடுத்துட்டுப் போ" என்றார் மாமியார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த மசால் வட எந்தக் கடைலடி வாங்குவாரு?" என்று கேட்டார்.