பங்குனி மழையில் நனைந்த பாவு

பருவநிலை மாற்றம் பற்றிப் படக் கண்காட்சி வைக்கப்போவதாக ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் சொன்னபோது, சுவர் முழுவதும் எனக்குத்தான் என்று நினைத்தேன். காஞ்சிபுரத்தில் எங்கள் பத்திரிகைக்கு நிருபரும் நானே, புகைப்படக்காரனும் நானே. ஒவ்வொரு கோடையிலும் செவிலிமேட்டுக்குப் போய், ஆட்கள் விலகும்வரை காத்திருந்து, வறண்ட பாலாற்றை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். ஆள் இருந்தால் ஆற்றைப் பார்க்க மாட்டார்கள் என்பது என் கணக்கு.

கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் என் பள்ளித் தோழனிடமும் கேட்டார்கள். அவன் ஒரே ஒரு படம் கொடுத்தான். பங்குனி மாதத்துக் காலை. நெசவாளர்கள் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்ற வேண்டிய நீள இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டிருக்கிறார்கள். வெயிலில் காய வேண்டிய நேரத்தில் மழை. கட்டிய பாவைச் சட்டென்று சுருட்ட முடியாது. குடை, கோணி, பிளாஸ்டிக் தாள் என்று கிடைத்ததையெல்லாம் இழைகளுக்குப் பிடித்துவிட்டு மனிதர்கள் நனைகிறார்கள். அங்கேயும் இவன், "எல்லாரும் இங்க பாருங்க" என்றிருக்கிறான். பார்த்திருக்கிறார்கள். ஓர் அம்மாள் சிரித்தே விட்டார்.

போஸ் கொடுத்த படம் செய்தி ஆகாது என்றேன். ஒரு நாள் மழையை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது என்றும் சொன்னேன். இரண்டும் சரிதான்.

"செவுத்துல மாட்டிட்டாங்கபா," என்றான் அவன்.

கண்காட்சிக்கு அந்தத் தெருவே திரண்டு வந்தது. முதலில் தங்களைத் தேடினார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். முன்பு எந்த மாதங்களில் பயமில்லாமல் பாவு போட்டார்கள், இப்போது ஏன் எந்த மாதத்தையும் நம்ப முடியவில்லை என்று ஒருவரை ஒருவர் மறித்துப் பேசினார்கள். பல வருடம் எழுதியும் நான் கிளப்ப முடியாத பேச்சு. எதிர்ச் சுவரில் இருந்த என் ஆற்றுப் படங்களுக்கு முதுகைக் காட்டியபடி அதைப் பேசினார்கள்.

சிரித்த அம்மாளிடம், பாலாற்றுப் படங்களைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தேன்பா. மணல் நல்லாத்தான் இருக்குது. ஆளுங்கள்லாம் எங்க?"

பிறகு என் கேமராவைக் காட்டி, "பேப்பர்காரர்தான நீ? எங்கள இந்தப் படத்தாண்ட நிக்க வச்சி ஒண்ணு எடுபா," என்றார்.

வரிசையாக நின்றார்கள். நான் சொல்லாமலே என்னைப் பார்த்தார்கள்.

முதல் பக்கத்தில் என் பெயரோடு வந்த படம் அது ஒன்றுதான். நடுவில் அவன் படம், மழைத் துளி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது.