அம்மா எடுத்துக்கொண்ட பங்கு

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள்கள் இரண்டே பேர். வீட்டை ஆளுக்குப் பாதியாகப் பத்திரம் எழுதிய வக்கீல், சாமான்களுக்கு ஒரு சுலப வழி சொன்னார். பெரியவளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், சின்னவளுக்குப் பச்சை. மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டே போக வேண்டும். பத்திரம் பதிவானதும் அவரவர் ஒட்டியது அவரவருக்கு. சண்டையே வராதாம்.

சண்டை வரவில்லை. பெரியவளுக்கு வயிறுதான் எரிந்தது. கண்ணாடி பீரோ, தையல் மிஷின், அம்மாவின் சாய்வு நாற்காலி… நல்லதெல்லாம் சின்னவள் பக்கமே போனதாகத் தோன்றியது. அம்மா இருந்தவரையிலும் இதே கதைதானே? சுடச்சுட அவளுக்கு, ஆறிப்போனது இவளுக்கு.

மறுநாள் பதிவு. முந்தைய நாள் சாயங்காலம், தன் சிவப்பு ஸ்டிக்கர்களோடு பெரியவள் தனியாக அந்த வீட்டுக்குப் போனாள். இரண்டு பச்சையை உரித்துவிட்டுச் சிவப்பை ஒட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது?

பீரோவில் கை வைத்தாள்.

சர்ர்ர்…

அட்டையிலிருந்து ஸ்டிக்கரை உரிக்கும் சத்தம். சமையலறையில்.

"யாருடி அது? நீயா?"

எட்டிப் பார்த்தாள். ஆள் யாரும் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் மட்டும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். வெள்ளை யாரும் வாங்கவே இல்லையே…

சர்ர்ர்…

பின்வாசல். ரோஜாத் தொட்டியில் ஒரு வெள்ளை. தொட்டாள். ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது.

சர்ர்ர்…

படியில் தூங்கும் அம்மாவின் பூனை. அதன் முதுகில்…

"பூனையிலயுமா பங்கு?" சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

புரிந்துவிட்டது. அம்மா தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சர்ர்ர்…

இந்தமுறை கூடத்தில். சுவரில் மகள்களின் படங்கள், தனித்தனியாகக் கண்ணாடிச் சட்டத்தில். சின்னவளின் கன்னத்தின்மேல் வெள்ளை.

பெரியவளுக்குப் பயம் விட்டுப்போனது. நெஞ்சு கொதித்தது.

"செத்தும் உனக்கு அவதானாம்மா? நான் என்ன தவிட்டுக்கு வாங்கின பொண்ணா?"

உரித்தாள். தன் படத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். அழுத்தித் தேய்த்தாள்.

சத்தம் நின்றது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தலையைத் தடவிக்கொடுத்தது…

மெதுவாக… ஆசையாக…

அம்மா அவளை ஒருநாளும் அப்படித் தடவியதில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினாள்.

விடிந்ததும் சின்னவளிடமிருந்து போன்.

"அக்கா, நம்ம வீட்டுக்கு வந்தேன். என்னமோ சரியில்லக்கா. ஃப்ரிட்ஜ் நின்னு போச்சு. ரோஜா வேரோட கருகிக் கிடக்கு. பூனை…"

"பூனைக்கு என்னடி?"

"விறைச்சுக் கிடக்கு. எல்லாத்துலயும் வெள்ளையா ஒரு ஸ்டிக்கர் இருக்குக்கா. உன் படத்துலகூட. பிச்சுப் போடவா?"

"பிச்சுடு! சீக்கிரம்டி!"

கண்ணாடியை நகம் கீறும் சத்தம் போனில் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது.

"வரமாட்டேங்குதுக்கா…"

"நல்லாச் சுரண்டு!"

"எப்படிக்கா சுரண்டறது? இது கண்ணாடிக்கு உள்பக்கம்ல ஒட்டியிருக்கு…"