வாத்தியாரோடு சண்டைக்குப் போகிறவன்

டிவியில் கார் ரேஸ் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை இடது உள்ளங்கையில் ஏந்தி, நின்றபடியே சாப்பிடுவான். வாய் போன ரேஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். கதையில் வளைவு வந்தால் உடம்பு சாயும், தட்டும் கூடவே சாயும். "தரையத் துடைக்கிறது நீயா நானா?" என்பாள் அக்கா. "கார்னர்க்கா, கார்னர்" என்பான், அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்பதுபோல.

அவன் டிங்கர். அடிபட்ட கார்களின் தகட்டைத் தட்டி நேராக்குகிறவன். அதே கொட்டகையின் மறுகோடியில் அக்கா தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு சீட் உறை தைக்கிறாள். வண்டிக்கு வெளிப்பக்கம் அவன், உள்பக்கம் அவள். சுத்தியலைத் தொடுமுன் அவன் கண்ணை மூடிக்கொண்டு தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல. அவன் முடித்துக் கொடுத்த கதவில் அடி விழுந்த இடம் இன்னது என்று விரல் வைத்துக் காட்டியவரை அக்கா இதுவரை பார்த்ததில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் இதை அவளே சொல்வாள். "சும்மா இருக்கா" என்று நெளிவான். ஆனால் அவள் சொல்லி முடிக்கும்வரை வேலையைத் தொடங்கமாட்டான்.

இப்படி நாளெல்லாம் நெளிசல் எடுக்கிறவனுக்கு ரேஸில் மட்டும் இடிக்கிற ஆள்தான் பிடிக்கும். பெயின்ட் டப்பாக்களின் மேல் டிவியை ஏற்றி வைத்து, ஏழெட்டுப் பேர் பழைய கார் சீட்டுகளில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மெக்கானிக்குகள், லாரிக்காரர், மருந்துக்கடைக்காரர். எல்லோரும் டிவியைப் பார்க்க வந்தவர்கள் என்று சொல்வதற்கில்லை. பாதிப் பேர் வந்தது தம்பியும் வாத்தியாரும் மோதுவதைப் பார்க்க.

வாத்தியார் என்றால் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். தம்பியைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கசங்காத சட்டை, சட்டைப்பையில் சீப்பு. அவர் தம்பிக்கு வைத்த பெயர் சுத்தி.

"பக்கத்துல வர்றவனுக்கு ஒரு வண்டி அகலம் விடணும்டா சுத்தி. அது தெரியாதவன் கையில ஸ்டியரிங்க எவன் குடுத்தான்?"

"அகலம் விட்டு, கை காட்டி, ஹாரன் அடிச்சுப் போறதுக்கு அது என்ன உங்க ஸ்கூல் வண்டியா வாத்தியாரே? இப்பல்லாம் ரேஸா நடக்குது? முன்னாடி போறவன் முதுகப் பாத்துக்கிட்டே கடைசி வரைக்கும் போறான், டிக்கெட் கவுன்டர் வரிசை மாதிரி. டயர் மாத்துறவன்தான் ஜெயிக்க வைக்கிறான். லேசா ஒரசினா போதும், உடனே பெனால்டி."

"அந்தக் காலத்துல ஒரசிட்டுச் செத்தவன எண்ணிப் பாத்தியா? இப்ப எல்லாரும் எறங்கி நடந்து வீட்டுக்குப் போறான். அது ஒனக்குப் பொறுக்கல."

"போகட்டும், மகராசனாப் போகட்டும். எனக்குத் தூக்கம் வருதே, அதுக்கு என்ன பண்ண?"

"ஒரசினாத்தானே ஒனக்குச் சோறு. பேசமாட்டியா பின்ன."

கொட்டகை சிரிப்பில் அதிரும். தம்பியும் சிரித்துவிட்டு, மறுநொடி விட்ட இடத்திலிருந்து தொடங்குவான்.

அந்தக் கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. எதிராளி சொன்னதற்குச் 'சரிதான்' என்று யார் வாயிலிருந்து வந்தாலும், அவர்தான் எழுந்து போய் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும். மருந்துக்கடைக்காரர் பல தடவை வாங்கியிருக்கிறார். லாரிக்காரர் டீ வேண்டும் என்பதற்காகவே சொல்வார். அத்தனை வருஷத்தில் தம்பியும் வாத்தியாரும் ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

போன மழைக்காலத்தில் வாத்தியார் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது, வாயில்தான் எதுவும் சொல்லாக வருவதில்லை. வாசலில் ஸ்கூல் வண்டி உறை போர்த்தி நிற்கிறது. தம்பி கொட்டகை டிவியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கட்டிலுக்கு எதிரே சுவரில் மாட்டினான். மற்றவர்கள் முதலில் வந்தார்கள், பிறகு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ரேஸ் ஞாயிறுதோறும் இப்போது போவது தம்பியும், வாத்தியார் மனைவிக்குத் துணையாக அக்காவும்தான்.

அங்கே போனால் அவன் வேறு ஆள். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, மெல்லிய குரலில், "நீங்க சொன்னது சரிதான் வாத்தியாரே. பொறுமையாப் போறவன்தான் பொழைக்கிறான்" என்பான். இன்னொரு வண்டி ஒதுங்கி வழிவிட்டால், "சரிதான், அகலம் விட்டான் பாருங்க" என்பான். வாத்தியார் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். களைத்துவிட்டார் என்று நினைத்து இவன் சத்தத்தைக் குறைப்பான்.

ஒரு நாள் சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே வாத்தியார் மனைவி அக்காவிடம் சொன்னார்: "ஒங்க தம்பி தங்கமானவரு, கொற சொல்லல. ஆனா அவரு வந்துட்டுப் போனா இவரு அன்னிக்குச் சாப்பிடறதில்ல. அழறாரு. அந்த வார்த்தயச் சொன்னா டீ வாங்கணும்னு எனக்கே தெரியும். இவரு காதுல அதையே வந்து வந்து சொன்னா எப்படி? செத்துப்போனவங்ககிட்டதான் யாரும் எதுத்துப் பேசமாட்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா அதை ஒரு சொல் குறையாமல் தம்பியிடம் சொன்னாள். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றான்.

"பதில் சொல்ல முடியாத ஆள்கிட்ட எப்படிக்கா சண்ட போடுறது?"

"எனக்கென்னடா தெரியும். நீ அங்க பேசுறது ஒனக்கே பிடிக்குதா?"

அந்த வாரம் முழுக்கக் கொட்டகையில் சுத்தியல் சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்டது.

அடுத்த ரேஸ் அன்று அவன் சாப்பிடவே இல்லை. வாத்தியார் வீட்டில் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். முக்கால்வாசி ரேஸ் வாய் திறக்காமல் போயிற்று. பிறகு ஒரு வளைவில், இரண்டாவதாக வந்தவன் உள்பக்கம் சட்டென்று புகுந்தான். சக்கரமும் சக்கரமும் உரசின. முன்னால் போனவன் சரளைக்கல்லில் இறங்கிச் சுழன்று நின்றான். கட்டிலில் வாத்தியாரின் இடது பாதம் போர்வைக்குள் பிரேக்கை மிதித்தது. அக்கா அதைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான்.

அவன் எழுந்து நின்றான்.

"இதான் வாத்தியாரே ரேஸு. எடம் இருந்துச்சு, நொழஞ்சான். ஒதுங்காதது அவன் தப்பு."

வாத்தியார் தலையைத் திருப்பினார்.

"என்ன பாக்குறீங்க? ஒரு வண்டி அகலமா? எதுக்கு? அகலம் வேணுங்கிறவன் உங்க ஸ்கூல் வண்டிய எடுத்து ஓட்டட்டும். இத்தன வருஷமா இதையேதான் சொல்லிட்டு இருக்கீங்க. ஒங்களால ஒரு ரேஸ ஒழுங்காப் பாக்க முடியல."

குரல் உரக்கத்தான் வந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் அவனுடைய இரண்டு கைகளும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்ததை அக்கா பின்னால் நின்று பார்த்தாள்.

வாத்தியாரின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நல்ல கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். "ப்... ப்..." என்றார். எச்சில் வழிந்தது. மறுபடியும் "ப்..." என்றார். கண்ணில் நீர் திரண்டு நின்றது. அது கோபமா வேறா என்று அக்காவால் சொல்ல முடியவில்லை.

வாத்தியார் மனைவி துண்டோடு ஓடிவந்தார். "பிரேக்குன்னு சொல்றாரு தம்பி, அந்தப் பையன் பிரேக்கு போட..."

"நீங்க இருங்க அண்ணி" என்றான் தம்பி. "அவரே சொல்லட்டும்."

டிவியில் கடைசிச் சுற்றுகள் தொடங்கிவிட்டன. அறிவிப்பாளரின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. முன்னால் மூன்று வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு பறந்தன. வாத்தியார் திரும்பவும் வாயைத் திறந்து, உதட்டைக் கூட்டி, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

தம்பி நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டான். டிவிக்கு முதுகைக் காட்டி, கட்டிலுக்கு முழங்கால் இடிக்கும் நெருக்கத்தில் உட்கார்ந்து, வாத்தியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.