எலிக் காதில் எது இடது

எலி வளர்க்கிற வேலையில் எலி செத்தாலும் கேள்வி, பிழைத்தாலும் கேள்வி. அடுத்தவர் பொருளுக்குக் காவல் இருக்கிறவர்களுக்கு இது புரியும்.

வீட்டில் பொறி, வேலையில் மெத்தை

அயனம்பாக்கத்திலிருந்து ஏழு மணிக்கெல்லாம் ஆராய்ச்சிக்கூடம் போய்விடுவேன். வெள்ளை எலிகளுக்கு உமி மாற்றி, தண்ணீர் வைத்து, காதில் அடையாள ஓட்டை போடுவது என் வேலை. தலைக்குக் குல்லா, வாய்க்குத் துணி, காலுக்கு உறை. எலிக்கு என்னால் நோய் வந்துவிடக் கூடாதாம். கேட்டதும் என் வீட்டுக்காரி சொன்னாள்: "இன்னாய்யா இது, ஊட்டு எலிக்குப் பொறி வெக்கிற, அங்க மெத்தை போட்டுக்கினு கீற!"

விசில் இல்லாத எலி

இந்த ஆராய்ச்சியைச் செய்கிற எங்கள் கலைவாணி மேடம் மதுரைப் பக்கம். இப்போது நூம்பலில் ஃபிளாட். நாலு வருஷமாக இந்த எலிகளோடுதான் குடித்தனம். கிருமி நுழைந்தால் செல்லுக்குள் தகவல் சொல்ல ஒரு மரபணு இருக்கிறதாம். அது இல்லாமலே பிறந்த எலிகள் ஒரு கூண்டில், இருக்கிற எலிகள் இன்னொரு கூண்டில். இரண்டையும் கலந்து விடுவதற்கு முன், இல்லாததற்கு இடது காதிலும் இருப்பதற்கு வலது காதிலும் ஓட்டை போடச் சொன்னார். மரபணு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வாட்ச்மேன் இருக்காரு, கையில விசில் இல்லேன்னு வச்சுக்கங்கண்ணே."

தலைகீழ்

கிருமி கொடுத்த ஐந்தாம் நாள் பார்த்தால், காது ஓட்டைப்படி மரபணு இல்லாத எலிகள் துள்ளுகின்றன. இருக்கிறவை மூலையில் சுருண்டு கிடக்கின்றன. மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் ஆராய்ச்சிக்கூடத்துப் பெரியவர்கள் முன்னால் இதைக் காட்ட வேண்டும். இப்படியே போனால் நாலு வருஷமும் வீண். கூட வேலை பார்க்கும் சேகர் என் காதைக் கடித்தான்: "இன்னா அண்ணாத்தே, எல்லா எலியும் பரீட்சைய மாத்தி எழுதிக்கினு கீது?"

மல்லாத்திப் பிடித்தது

மேடம் ஒரு எலியைக் குப்புற வைத்து, முதுகுப் பக்கமிருந்து காதைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஓட்டை போட்டபோது எலியை மல்லாத்தி, முகத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தேன். என் இடது பக்கம் அதற்கு வலது அல்லவா! சொன்னால் வேலை போகும். வாயை மூடிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

ஒவ்வொன்றுக்கும் வால் நுனியில் துளி சதை எடுத்து மரபணுவை மறுபடி சோதித்தார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மேடம் தாளோடு ஓடிவந்தார். எல்லாமே இடம் மாறியிருந்தன; அவர் எதிர்பார்த்தது அப்படியே சரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்: "ஒண்ணு விடாம எல்லாத்தையும் ஒரே மாதிரி தப்பாப் போட்டீங்க பாருங்க, அதுலதாண்ணே நான் பிழைச்சேன்!"

இத்தனை வருஷம் சரியாகச் செய்த வேலைக்கு வாய் திறந்து ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, தப்பாகச் செய்ததற்குத்தான் கிடைத்தது.