மெட்ராஸ் வாயில் பழமலை

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்கு மேல்தான் எழுதக் கற்றேன். இந்தத் தாளை என் மகள் போட்டோ எடுத்துப் போடுவாள்...

தி.நகர் தையல் கடையின் பின்பக்கம் எப்போதும் கரி இஸ்திரிப் பெட்டியின் அனல் அடிக்கும். எழுபதுகளின் தொடக்கம். சைதாப்பேட்டையிலிருந்து நடந்தே போய் அங்கே காஜா எடுப்பேன், பட்டன் தைப்பேன்.

துணி வெட்டுகிறவன் விருத்தாசலத்துக்காரன். பேர் பழமலை. அவர்கள் ஊர்ச் சாமி பேர்.

மெட்ராஸ் வாயில் பழம் பயமாகிவிடும். முதல் நாளே "பயமலை" என்றேன். "மலை மாதிரி பயம்பா இவனுக்கு" என்றும் சேர்த்துவிட்டேன். கடையே சிரித்தது. பேர் ஒட்டிக்கொண்டது.

ஒரு மத்தியானம் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்தார். பழமலைக்குப் பெண் கொடுக்கப் பேச்சு நடந்தது. பையன் எப்படி என்று வேலை செய்யும் இடத்தில் விசாரிக்க வந்தவர், பெண்ணின் அப்பா.

இஸ்திரி போடும் காசி, "யாரு, நம்ம பயமலையா? டீ குட்ச்சிக்கினு கீறான்" என்றான்.

பெரியவர் முகம் மாறியது. "ஏன் அப்படிக் கூப்பிடுறீங்க? பயந்த ஆளா?"

"மலை மாதிரி பயம் நைனா!" என்றான் காசி.

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தெருவரைக்கும் ஓடினேன். "ஐயா, நில்லுங்க. எங்க வாய்ல அந்த எழுத்து வராது. போன மாசம் மொதலாளி என்னை அடிக்கக் கை ஓங்கனாரு. அந்தக் கையப் புட்ச்சவன் அவன் ஒர்த்தன்தான். மத்தவங்க குனிஞ்ச தல நிமிரல."

"அப்ப அந்தப் பேரை வச்சது யாரு?"

"நான்தாங்க."

பையைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு, "அவர் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்று திரும்பி நடந்தார்.

கல்யாணத்துக்கு விருத்தாசலம் போனோம். பந்தியில் காசி அதே வேடிக்கையைச் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் வாயில் பழம் பழமாகவே இருந்தது. "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார்கள்.

மாப்பிள்ளை மட்டும் சிரித்தான்...

இப்போது எழுதும்போது என் கை சரியாக ழ போட்டுவிடுகிறது. வாய்தான் வழிக்கு வருவதில்லை. போன வாரம் போனில், நாக்கை மடித்துக் கஷ்டப்பட்டு "பழமலை" என்றேன்.

"யாருங்க பேசுறது?" என்றான்.

"பயமலை..."

"சொல்லுடா!"

அடுத்த வாரம் அவனுக்கே ஒரு கடிதம் எழுதப் போகிறேன். உறைமேல் எந்தப் பேரை எழுதுவது என்றுதான் தெரியவில்லை.