விளக்கு வைக்கிற நேரத்து இழுப்பு

ஊதுகிற டெஸ்ட் எடுக்கிறவளுக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் நெஞ்சில் கேட்கிற விசில்தான் பாட்டு. திருவனந்தபுரத்தில் ஒரு நெஞ்சுநோய் கிளினிக்கில் எனக்கு இந்த வேலை. மெஷின் குழாயை வாயில் கவ்வச் சொல்லி, "ஊது, ஊது, விடாதே, ஊது" என்று கத்த வேண்டும். எனக்கும் சின்ன வயசிலிருந்து இழுப்பு உண்டு. மேகம் திரண்டாலே பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற உங்களுக்கு நான் வேற்றாள் இல்லை.

ஊத மாட்டேன்

செல்வி போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். கணவர் தங்கராஜ் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். உட்கார்ந்தாள், குழாயைப் பார்த்தாள், வாயை இறுக்க மூடிக்கொண்டாள். பல் வலியா, வெட்கமா என்று எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தேன். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள், எனக்கு எரிச்சல். தங்கராஜ்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: செத்துப்போன அவருடைய அம்மா இவள் நெஞ்சில் ஏறி உட்காருகிறாராம்.

"அதுக்கும் ஊதுறதுக்கும் என்னம்மா?" என்றேன்.

செல்வி மூடியிருந்த கதவைப் பார்த்தாள். "ஊதினா அத்தை வெளிய வந்துருவாங்கக்கா. ஏறி உக்கார இந்த ரூம்ல வேற பொம்பளை யாரு இருக்கா, நீங்கதானே?"

விசில்

எப்படியோ தாஜா பண்ணி ஊதவைத்தேன். மருந்தை இழுக்கக் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னால் காற்று தாராளமாக வந்தது. ஆஸ்துமாதான். டாக்டர் தினமும் இழுக்க ஒரு இன்ஹேலரும் அவசரத்துக்கு ஒன்றும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அவர்கள் போனதும் ஆயா வந்து தரையைத் துடைத்துவிட்டுப் போனாள். தனியாக உட்கார்ந்திருக்கிறேன், மெல்லிசாக ஒரு விசில். மெஷினை அணைத்தேன், நிற்கவில்லை. ஏசியை அணைத்தேன், அதற்கும் நிற்கவில்லை. செல்வி உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி இருந்தது. படித்தவள்தான் நான், ஆனாலும் எழுந்து போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. மலையாளி நர்ஸ் ஷீபா எட்டிப் பார்த்தாள். பினாயில் நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னாள்: "சேச்சி, அது நிங்ஙள்ட நெஞ்சில இருந்தாக்கும் வருது."

வாசனை

பினாயில் நெடியில் எனக்கே இழுத்த அன்றிலிருந்து, வருகிறவர்களிடமெல்லாம், இழுப்பு வருவதற்கு முன்னால் என்ன வாசனை அடித்தது என்று கேட்க ஆரம்பித்தேன். செல்வி மறுபடி வந்தபோதும் கேட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மூச்சு அடைத்து, உதடு நீலம் பாரித்து, ஜீப்பில் மலைக்குக் கீழே விதுரா ஆஸ்பத்திரிக்கு இறக்கி ஆக்சிஜன் வைத்துத்தான் பிழைத்திருக்கிறாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் மலை இறங்குவதற்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"எப்பவும் வெள்ளிக்கிழமைதானா?"

"செவ்வாயும் உண்டுக்கா. முதல்ல அத்தை வாசனை வரும். சாம்பிராணி வாசனை."

மாமியார் இருந்தவரை செவ்வாய், வெள்ளி தூபம் தவறாதாம். இப்போது யார் போடுகிறார்கள் என்று கேட்டேன். தான்தான் என்று தங்கராஜ் பெருமையாகவே சொன்னார். அம்மா உள்ளே வராமல் இருக்கப் போடுகிறாராம். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் அவர்களுக்கு ஒரே அறை. செல்விக்கு இரைக்க இரைக்க இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவாராம். ஜன்னலையாவது திறந்து வைப்பீர்களா என்றேன்.

"அதெப்படி சேச்சி? திறந்தா அம்மா வந்துருமே."

திறந்த ஜன்னல்

அந்தப் புகை மூச்சுக்குழாயை என்ன செய்யும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். சாம்பிராணி கூடவே கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும், நன்றாக இருந்தாலும் தினமும் இன்ஹேலரை விடாதே என்றார். அடுத்த தடவை செல்வி தானாகவே குழாயை வாங்கி ஊதினாள், சிரிக்கவும் செய்தாள். எத்தனையோ வெள்ளிக்கிழமை போயும் அத்தை வரவே இல்லையாம். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அவள் மருந்து வாங்கப் போனாள். தங்கராஜ் மட்டும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய அம்மாவுக்கும் இதே இழுப்புதானாம். தன் நெஞ்சில் தன் மாமியார் ஏறி உட்காருவதாகத்தான் அந்த அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்தாராம். உயிர் போன அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை, பேச்சு நின்றபிறகு, அடைத்த ஜன்னலையே கையால் காட்டிக்கொண்டிருந்தாராம். அங்கே அந்த மாமியார் நிற்கிறாள் போல என்று இவர் நினைத்தாராம்.

"சேச்சி," என்றார் தங்கராஜ். "அன்னைக்கும் ஜன்னலை அடைச்சு சாம்பிராணி போட்டது நான்தானே?"

எங்கள் தொழிலில் பேயைக்கூட ஊதி ஓட்டிவிடலாம், அது போனபிறகு வீட்டில் மிச்சமிருக்கிற ஆளிடம் என்ன சொல்வது என்பதற்குத்தான் இன்னும் ஒரு டெஸ்ட் வரவில்லை.